திரையில் என்ன வந்தது?

இளைய மருமகளின் பாஸ்போர்ட் காணாமல் போன செய்தி, காலைக் காபி ஆறுவதற்குள் வீடு முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் விமானம். வெளிநாட்டில் ஆறு மாத வேலை. அலுவலகத்தில் அவள் ஒருத்தியைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

மாமனார் முதுகை வளைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இந்த வீட்டுப் பெண்கள் தனியாகப் பயணம் போனதே இல்லை என்பதில் அவருக்கு ஒரு பெருமை. ஆனாலும், மருமகள் போகப்போவதைத் தெருவெல்லாம் சொல்லி வைத்தவரும் அவர்தான்.

"மூணு தலைமுறையா இந்த வீட்டுல ஒரு ஊசி காணாமப் போனதில்லை. குடும்பத்து ஆளு யாரும் கை வைக்க மாட்டாங்க. சமையல்காரம்மாவைப் போலீஸ்ல ஒப்படைச்சிடலாம்."

சமையல்காரம்மாள் கையில் கரண்டியோடு வந்து நின்றாள். "அதை வெச்சுக்கிட்டு நான் எந்த நாட்டுக்குங்கய்யா போகப் போறேன்?"

"போலீஸ் வேண்டாம் மாமா," என்றாள் இளையவள். "ராத்திரியே காணோம்னு தெரிஞ்சதும் ஒரு வலைப்பக்கம் எழுதி வெச்சிருக்கேன். ஒவ்வொருத்தரா உள்ள போய், என் லேப்டாப்புல உங்க பேரை அடிச்சு பட்டனைத் தட்டுங்க. எடுத்தீங்களா இல்லையான்னு பிரிண்ட் பண்ணிடும். நான் கேக்கற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

"பிரிண்டா? வீட்டுல பேப்பர்கூட இல்லையேம்மா," என்றாள் மாமியார்.

"பேப்பர் வேண்டாம் அத்தை. திரையில எழுத்து வர்றதுக்கும் எங்க வேலையில பிரிண்ட்னுதான் பேரு."

மூத்த மருமகள் உதட்டைச் சுழித்தாள். "அதுக்கு எப்படித் தெரியுமாம்?"

"போய்த்தான் பாருங்களேன் அக்கா."

"சரி, ஆகட்டும்," என்றார் மாமனார். "குடும்ப மானம் வாசலைத் தாண்டாம முடிஞ்சா போதும்."

முதலில் போன மூத்த மருமகள் முகம் சிவந்து வெளியே வந்தாள். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இளையவளின் கணவன் வந்தவுடன் அவளை முறைத்தான். சமையல்காரம்மாள் வரும்போதே விம்மிக்கொண்டு வந்தாள்.

மாமனார் கடைசி. மடிக்கணினியை மூடிவைத்துவிட்டு, போன நடை மாறாமல் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"இப்பச் சொல்லுங்க. என்ன வந்தது?"

சமையல்காரம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "நான்தான் எடுத்தேன்னு வருதும்மா! சத்தியமா நான் தொடக்கூட இல்லை!"

"பார்த்தீங்களா!" மாமனார் நாற்காலியின் கையைத் தட்டினார். "அப்பவே சொன்னேன். கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? எனக்கு 'எடுக்கவில்லை'ன்னு பளிச்சுனு வந்துச்சு."

மற்ற மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இளைய மருமகள் அவர் முன்னால் வந்து பணிவாகக் கையை நீட்டினாள்.

"பாஸ்போர்ட்டைக் கொடுத்துடுங்க மாமா. யார் பேரை அடிச்சாலும் 'எடுத்தது நீங்கள்தான்'ங்கற ஒரே வரியைத்தான் அது பிரிண்ட் பண்ணும்."