கரைமேல் ஒரு வழுக்கை

மனைவியின் தோளில் ஒருவன் கை போட்டிருந்தான். அதுவும் பட்டப்பகலில், திறந்த வெளியில், அலுவலகச் செலவில்.

வரைபடக்காரர் மவுஸை உருட்டிப் படத்தை இன்னும் பெரிதாக்கினார். நகரத் திட்ட அலுவலகத்துக்காக ட்ரோன் பறந்து எடுத்த சதுப்பு நிலத்தின் படம் அது. தண்ணீருக்கு நீலம், நாணலுக்குப் பச்சை என்று பிரித்து, பேருந்துப் பணிமனை எங்கே வரலாம், எங்கே வரவே கூடாது என்று கோடு போட்டு, மதியக் கூட்டத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அவரோ காலையிலிருந்து கரைமேல் ஒட்டி நிற்கும் அந்த இரண்டு பேரை விட்டு நகரவில்லை.

மஞ்சள் தொப்பி அவர் மனைவிதான். அதே அலுவலகத்தில் செடிகொடிகளைக் கணக்கெடுப்பவள். அந்தத் தொப்பியை வாங்கிக் கொடுத்ததே இவர்தான். பக்கத்தில் இருப்பவன் யார்? உச்சியிலிருந்து எடுத்த படத்தில் முகம் ஏது? படம் எடுக்கப் போன எல்லாருக்கும் ஒரே ஆரஞ்சு மேலங்கி வேறு. தெரிந்ததெல்லாம் தலையின் நடுவே, காபிக் கோப்பை வைக்கிற தட்டு மாதிரி, வட்டமாக ஒரு வழுக்கை.

‘போயும் போயும் ஒரு வழுக்கையனா!’ நெற்றியில் புரண்ட சுருள்முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டார். அந்தச் சுருளைப் படியவைக்கத் தினமும் கண்ணாடி முன்னால் அவர் செலவழிக்கிற நேரத்தில் ஒரு ஊரையே வரைந்துவிடலாம்.

அன்றைக்கு அவரும்தான் போயிருந்தார். படத்தை நிலத்தோடு சரியாகப் பொருத்துவதற்காக வெள்ளைப் பலகைகளை அங்கங்கே நட்டுக்கொண்டு, சேற்றில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாயாய் அலைந்தார். ‘நாம் அலைந்த நேரத்தில் இங்கே இது நடந்திருக்கிறது!’

தூரம் அளக்கும் கருவியை இருவருக்கும் நடுவே வைத்துப் பார்த்தார். அளக்க இடமே இல்லை. ஏரி குளங்களைச் சுற்றி, ‘இதற்குள் யாரும் வரக் கூடாது’ என்று வட்டம் போடுவது அவர் பிழைப்பு. மனைவியைச் சுற்றி வட்டம் போடவும் கம்ப்யூட்டரில் வசதி இருக்கிறது, வாழ்க்கையில்தான் இல்லை.

எழுந்து போய் மாடிப்படிக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு, கீழிருந்து ஏறி வருகிறவர்களின் மண்டைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். மேனேஜருக்கு முழு மைதானம், தள்ளுபடி. ஓட்டுநர் தலையில் காடு. பாக்கி இருந்தது ட்ரோன்காரன். அவன் குளிக்கும்போதாவது தொப்பியைக் கழற்றுவானா என்பது யாருக்கும் தெரியாது.

“தம்பி, தொப்பியைக் கழட்டு.”

“எதுக்கு சார்?”

“கழட்டுன்னா கழட்டு!”

கழற்றினான். சீப்பு நுழையாத அடர்த்தி.

“சரி, நீயே சொல்லு. அன்னிக்கு நம்மகூட வந்தவங்கள்ல, உச்சந்தலையில மட்டும் வழுக்கை யாருக்கு?”

ட்ரோன்காரன் ஓட்டுநரைப் பார்த்தான். ஓட்டுநர் கூரையைப் பார்த்தார்.

“நான்... நான் யார் தலையையும் கவனிக்கிறதில்ல சார்.”

“மேலேருந்து பாக்கறதுதானேடா உன் வேலையே!”

அவன் தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு நழுவினான். ஓட்டுநருக்கும் திடீரென்று வண்டியில் ஏதோ வேலை வந்துவிட்டது.

ஆக, ஊருக்கே தெரிந்திருக்கிறது. கட்டிய புருஷனிடம் மட்டும் மூடி மறைக்கிறார்கள். வரைபடக்காரர் திரும்பி வந்து நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

சற்று நேரத்தில் மனைவி வேகமாக உள்ளே வந்தாள்.

“என்னங்க, கூட்டத்துல எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. படம் எங்க?”

“படந்தானே? நல்லா ஓடுது. வந்து பாரு.”

அவள் திரையைக் குனிந்து பார்த்தாள்.

“இதை முடிச்சுக் குடுத்துட்டு நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். நீ அவன்கூடவே நல்லா இரு.” வீறாப்பாகத்தான் ஆரம்பித்தார், பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது. “முடி இருக்கறவனாப் பாத்திருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்.”

மனைவி நிமிர்ந்தாள். நாற்காலியில் சுருண்டு கிடந்த மனிதரை நின்ற வாக்கிலேயே பார்த்தாள்.

“இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியலைங்க.”

“அப்ப எல்லாருக்கும் தெரியும்?”

“தெரியும். உங்க மனசு நோகுமேன்னுதான் ஒருத்தரும் சொல்லல. நானும் சொல்லல.”

“எவ்வளவு நாளா?”

“ரெண்டு மூணு வருஷம் இருக்கும். முதல்ல ரொம்பச் சின்னதாத்தான் இருந்துச்சு...”

அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் முட்டியது.

“ஆள் யாருன்னு மட்டும் சொல்லிடு. நான் எந்திரிச்சுப் போயிடறேன்.”

“சேத்துக் கரையில என் தோளைப் பிடிக்காம உங்களுக்கு ஒரு அடி வைக்கத் தெரியுமா?” என்றாள் மனைவி. “அது உங்க தலைங்க.”