துரை கல்லறை

"எந்திரியும் வே. ஜேசிபி ஏறி இறங்கிரும், பாத்துக்கோரும்."

பேச்சிராஜா அதட்டினான். அவன்தான் ஊர் இளைஞர் சங்கத்துத் தலைவர். உறுமிக்கொண்டு நின்ற ஜேசிபிக்கு நேரே, வெள்ளைக்காரத் துரையின் கல்லறைமேல் காவல்காரர் மருதப்பன் உட்கார்ந்திருந்தார்.

சங்கரன்கோவிலுக்கு வெளியே, கரிவலம் ரோட்டோரம், கருவை முள்ளுக்குள் கிடந்த இடம் அது. பாளையத்துக் கோட்டையைப் பீரங்கி வைத்து இடித்த துரையும் அவன் சிப்பாய்களும் அங்கே அடக்கமாகியிருந்தார்கள். போன மாதம் அதைப் பாதுகாக்கப் போவதாக அரசாங்கம் போர்டு வைத்து, மருதப்பனைக் காவலுக்குப் போட்டது. அன்றிலிருந்து ஊர் கொதித்துக்கொண்டிருந்தது.

"நம்ம பாட்டனைத் தூக்குல போட்டவனுக்கு நீரு காவலா? வெக்கமா இல்ல?"

"கல்லு வேணும்னா உடைங்க அண்ணாச்சி. மண்ணைத் தோண்ட வேண்டாம்."

"எலும்புகூட இங்கன இருக்கக்கூடாது வே. மொத்தத்தையும் அள்ளிக் குளத்துல கொட்டணும்."

"துரை கனவுல வந்து இவருக்குச் சம்பளம் கொடுக்கான் போல" என்றான் ஒருவன். கடப்பாரையோடு நின்ற கூட்டம் சிரித்தது.

மருதப்பன் அசையவில்லை.

"போலீஸ் வாரதுக்குள்ள முடிக்கணும். இவரைத் தூக்குங்கலே."

கூட்டம் நெருங்கியது. மருதப்பன் சட்டென்று எழுந்து, பேச்சிராஜாவின் கையைப் பிடித்து வேலியோரம் இழுத்துப் போனார்.

"கொரோனாவுல ஒங்க அப்பா போனப்ப நீங்க எங்க இருந்திய?"

பேச்சிராஜாவின் முகம் சுருங்கியது. "ஆஸ்பத்திரியில, மூக்குல குழாயோட. வீட்ல எல்லாருக்கும் காய்ச்சல். அப்பாவை அங்கனயே எரிச்சிட்டாவன்னு நம்ம பயலுவதான் போன்ல சொன்னானுவ. சாம்பல்கூடக் கிடைக்கல. அதை ஏன் வே இப்பக் கிளறுதீரு?"

"எரிக்கல அண்ணாச்சி. வண்டி ஊருக்குத்தான் வந்துச்சு. நோய் பரவும்னு சுடுகாட்டுக்குள்ள விடல. ரோட்டுல முள்ளை வெட்டிப் போட்டு மறிச்சாவ. டிரைவர் கும்பிட்டுக்கூடப் பாத்தான். அப்ப முனிசிபாலிட்டிக்குக் குழி வெட்டினது நான்தான். வேற போக்கிடம் இல்லாம, இங்கன கொண்டாந்து துரைக்குப் பக்கத்துல படுக்க வச்சேன்."

பேச்சிராஜா வேலிக்கல்லைப் பிடித்துக்கொண்டான்.

"ஏன் வே இத்தன வருசம் சொல்லல?"

"சொன்னா, மறிச்சது யாருன்னு கேப்பிய. கொலை விழும்."

"யாரு வே மறிச்சது?"

மருதப்பன் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, அங்கன என்ன பேச்சு? தோண்டச் சொல்லவா?" கூட்டம் கத்தியது.

"இந்தா, கூப்பிடுதாவள்லா" என்றார் மருதப்பன். "அன்னைக்கு முள்ளை வெட்டிப் போட்டதும் இதே ஆளுகதான்."