ரெண்டு நடை

பொலிஸில் போட்டுக் கொடுத்தது ஜெயந்தினிதான் என்று தேயிலைத் தோட்டத்து லயத்தில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகும் சோலைமலையின் ஆட்டோவைப் போன வாரம் நடுரோட்டில் மறித்தவள் அவள்தான்.

"அண்ணே, பின்னால மூணு பேரத்தான் ஏத்தலாம். நீங்க ஆறு புள்ளைங்கள அடைச்சு வச்சிருக்கீங்க. மழை பெஞ்சா இந்த ரோட்டு எப்படி வழுக்கும்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

பக்கத்தில் நின்ற அழகம்மாதான் பாய்ந்தாள்.

"பஸ்ஸு இங்க நிக்கிறதே இல்ல. வேற எப்படி அனுப்புறதாம்? புள்ள பெத்திருந்தா ஒனக்கு அந்தக் கஷ்டம் தெரியும்!"

ஜெயந்தினி வழியை விட்டு விலகினாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஊரார் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவளுக்கு வேலை.

திங்கட்கிழமை காலை, ஃபாக்டரி வளைவில் டிராஃபிக் சார்ஜன்ட் நின்றிருந்தார். ஆட்டோவை நிறுத்தினார். உள்ளே எட்டிப் பார்த்தார். தண்டம் எழுதினார்.

"அடுத்த தடவை கோர்ட்டுக்குத்தான் போகணும்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, மூன்று பிள்ளைகளை இறக்கிவிட்டார். அவர்கள் தூறலில் நனைந்தபடி வீட்டுக்குத் திரும்பி வந்தார்கள்.

மறுநாளிலிருந்து மூன்று மூன்று பேராக, ஆட்டோ ரெண்டு நடை ஓடியது.

முதல் நடைப் பிள்ளைகளைப் பனி விலகுவதற்கு முன்பே எழுப்ப வேண்டியிருந்தது. ரொட்டி சுடவும் நேரம் போதவில்லை. இரண்டாம் நடைக்குக் காத்து நின்ற அம்மாமார், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் பிந்தினார்கள். பிந்தினால் கங்காணியின் ஏச்சு.

எல்லாக் கோபமும் ஜெயந்தினியின் தலையில் விழுந்தது.

குழந்தையைக் கொண்டுவந்து விடுகிறவர்கள் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் அவள் வாளி மட்டும் ஓரமாக நகர்த்தப்பட்டிருந்தது.

"சிங்களம் பேசத் தெரியும்ல. அதான் போய்ப் பேசிட்டு வந்துட்டா" என்றாள் ஒருத்தி, அவள் காதுபடவே.

"முன்னெல்லாம் ஒரு மணித்தியாலம் கூடுதலாத் தூங்குவோம். அதுவும் போச்சு" என்றாள் அழகம்மா. குரலில் கோபத்தைவிடக் களைப்புத்தான் அதிகமாக இருந்தது.

ஜெயந்தினி பாதி நிறைந்த வாளியோடு திரும்பிவிட்டாள்.

வழியில் சோலைமலை ஆட்டோவின் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ரெண்டு நடை ஓடுவதற்கு அவனும்தான் இருட்டோடு எழும்ப வேண்டியிருந்தது.

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, சாமி சத்தியமா நான் பொலிஸுக்குப் போகல. ஒங்ககிட்டச் சொன்னதோட சரி."

"தெரியும் தங்கச்சி."

"என்னாண்ணே தெரியும்? யாரு சொன்னதுன்னு தெரியுமா?"

சோலைமலை கையிலிருந்த துணியைப் பிழிந்தான். பிழிந்து முடித்த பிறகும் முறுக்கிக்கொண்டே இருந்தான்.

"நான்தான் சொன்னேன்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நீ மறிச்சுப் பேசுனியே, அன்னைக்குப் பின்னேரம் வளைவுல திரும்புறேன், ஓரத்துல இருந்த நிலக்ஷி வெளிய சரிஞ்சுருச்சு. பக்கத்துப் புள்ள பேக்கப் புடிச்சு இழுத்துருச்சு. அதுனால தப்பிச்சுச்சு. எனக்கு ராவெல்லாம் தூக்கம் இல்ல."

நிலக்ஷி அழகம்மாவின் மகள்.

"அதச் சொல்லி, இனிமே ஏத்த மாட்டேன்னு சொல்லியிருக்கலாமேண்ணே?"

"அம்மாமாருங்ககிட்டச் சொன்னேனே. 'புள்ளைய ஒழுங்காப் புடிச்சுக்கிட்டு இருக்கச் சொல்றோம்'னாங்க. அப்பவும் முடியாதுன்னேன். 'ஆட்டோ வாங்குனதும் சொந்தக்காரங்க கண்ணுக்குத் தெரியல'ன்னாங்க. எல்லாம் அக்கா, அத்தை, மச்சான் முறை. நான் வேணாம்னா கேக்க மாட்டாங்க, பொலிஸ் வேணாம்னா கேப்பாங்க. அதான் சார்ஜன்ட்கிட்டப் போய் நிண்டேன். 'ஒனக்கே தண்டம் போடச் சொல்றியா'ன்னு அவரே சிரிச்சாரு."

ஜெயந்தினி கீழே வைத்த வாளியைத் தூக்கினாள்.

"பழி ஒன்மேல விழும்னு நான் நெனைக்கல தங்கச்சி" என்றான் சோலைமலை. "இப்பவே வா. பீலியில எல்லாரும் இருப்பாங்க. உண்மையச் சொல்லிடுறேன்."

அவன் துணியைப் போட்டுவிட்டு நடக்கத் தொடங்கினான்.

"வேணாம்ணே."

"ஏன்?"

"நீங்கதான்னு தெரிஞ்சா ஒங்க கையில கால்ல விழுந்து மறுபடி ஆறு பேர ஏத்த வச்சுருவாங்க. நீங்களும் ஏத்திருவீங்க."

சோலைமலை கீழே போட்ட துணியை எடுத்துக்கொண்டு ஆட்டோவுக்கே திரும்பினான்.

மறுநாள் காலை அழகம்மா கைக்குழந்தையோடு பிள்ளைக் காம்பராவுக்கு வந்தாள். பெரட்டுக்குப் பிந்திப்போன அவசரத்தில் மூச்சு வாங்கியது. குழந்தையைக் கொடுத்தவள், போகாமல் நின்றாள்.

"எனக்கு முதுகுக்குப் பின்னால பேசிப் பழக்கமில்ல. நேராவே கேக்குறேன். பொலிஸுல சொன்னது நீதானே?"

ஜெயந்தினி குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"ஆமாக்கா, நான்தான். மூணு பேருக்கு மேல ஏத்துனா மறுபடியும் போய்ச் சொல்வேன்."