மகளின் பங்கு

சொட்டு மருந்து விழுந்ததும் சோதனைக் குழாயிலிருந்த மீன்தொட்டித் தண்ணீர் கருநீலமானது.

"பாஸ்பேட் மறுபடியும் ஏறியிருக்கு சார். தண்ணி மாத்துறீங்களா இல்லையா?" என்றார் வண்ணமீன் கடைக்காரர்.

"வாரம் தவறாம மாத்துறேன்."

"அப்போ தீனிதான். மீனுக்குப் போடுறீங்களா, மாட்டுக்குப் போடுறீங்களா? மிச்சம் கெடந்து அழுகுது. இப்படியே போனா ஒண்ணுகூடத் தேறாது. வீட்ல யார் யார் போடுறீங்க?"

"காலையில நான் ஒரு சிட்டிகை, மத்தியானம் மனைவி, சாயங்காலம் பொண்ணு."

"பொண்ணை நிறுத்தச் சொல்லுங்க. பிள்ளைங்களுக்குக் கை தாராளம்."

சோதனைக்கான காசைக் கொடுத்துவிட்டு அவர் கிளம்பினார்.

வழக்கத்தைவிடச் சீக்கிரம் வீடு வந்துவிட்டார். தொட்டியருகே நின்ற மனைவி அவரைக் கண்டதும் தீனி டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"மத்தியானமே போட்டிருப்பியே?"

"இது பாப்பாவோட பங்கு. அவ போனதுலேருந்து நான்தான் போடுறேன். திட்டுவீங்கன்னு சொல்லல."

அவர் திட்டவில்லை. மகள் இறந்த இந்த எட்டு மாதமும், ஆபீஸ் விட்டு வந்து, மனைவி சமையலறையில் இருக்கும் நேரம் பார்த்து, அதே பங்கை அவரும் போட்டு வந்தார். அதைச் சொன்னார். கடைக்காரர் சொன்னதையும் சொன்னார்.

அவள் தீனி டப்பாவை மூடினாள்.

"அவளோடதை நிறுத்த வேண்டாங்க. என் பங்கை நிறுத்திடறேன்."

"என்னோடதையும்," என்றார் அவர்.

மறுநாளிலிருந்து அந்த மீன்களுக்கு மகள் மட்டுமே தீனி போட்டாள்.