சிவப்புக்கு இரண்டாவது காரணம்

பொன்னாடை தோளில் விழுந்ததும் அவருக்கு வியர்த்தது.

முதுகுக்குப் பின்னால் கல்லூரி மேடையை அடைத்துக்கொண்டு ஃப்ளெக்ஸ். அதில் கும்பிட்டபடி அவர். பக்கத்தில், விண்வெளித் தொலைநோக்கி பிடித்த ஒரு சிவப்புப் புள்ளி, பூசணிக்காய் அளவுக்கு ஊதப்பட்டு. கீழே, ‘பிரபஞ்சத்தின் முதல் விண்மீன் கூட்டத்தைக் கண்டறிந்த கோவில்பட்டியின் மைந்தரே, வருக!’

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. இதை எந்தச் சோற்றில் மறைப்பது?

காலையில்தான் செண்பகவல்லி சொன்னாள். அவருடைய ஆய்வுக் குழுவில் இளையவள். இதே கல்லூரியில் படித்தவள்.

“சார், நிறமாலை வந்துட்டு. பக்கத்துல உள்ளதுதான். தூசி.”

அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

வெகுதூரத்திலிருந்து வரும் ஒளி, விரிகிற வெளியில் இழுபட்டுச் சிவந்துபோகும். பக்கத்தில் இருப்பதும் தூசி மூடியிருந்தால் சிவப்பாகத்தான் தெரியும். ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தால்தான் எது எதுவென்று தெரியவரும்.

அதுவரை பொறுக்க அவரால் முடியவில்லை. வேறு யாராவது முந்திக்கொண்டால்?

“பொறுப்போம் சார், தூசியா இருந்தா?” என்று அன்றைக்கே கேட்டவள் அவள். அபசகுனம் மாதிரி என்ன பேச்சு என்று எரிச்சல்பட்டு, ஆய்வுக் கட்டுரையிலிருந்து அவள் பெயரை அவரே எடுத்துவிட்டார்.

கூசியது அதை நினைத்துத்தான். புள்ளியைத் தப்பாகப் பார்ப்பது யாருக்கும் நடக்கும்.

மைக் கைக்கு வந்தது.

“வானத்துல ஒண்ணு செவப்பாத் தெரிஞ்சா ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, அது ரொம்பத் தூரத்துல இருக்கு.”

அரங்கம் கைதட்டியது. மூன்றாவது வரிசையில் செண்பகவல்லி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைகுனிய வேண்டியவர் மேடையில் நிமிர்ந்து நின்றார்.

“ரெண்டாவது காரணத்த... செண்பகவல்லி வந்து சொல்வாங்க.”

மைக்கை அவள் பக்கம் நீட்டினார். அப்பாடா என்று இருந்தது. நல்ல மனுஷனாகிவிட்ட மாதிரிகூட இருந்தது.

சபை மொத்தமும் திரும்பி அவளைப் பார்த்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. நிமிர்ந்து அவரை மட்டும் பார்த்தாள்.

இதையும் அவள் தலையிலா கட்டுகிறோம்?

நீட்டிய கை சற்று நேரம் அப்படியே நின்றது.

பிறகு பொன்னாடையைக் கழற்றி மடித்து மேசையில் வைத்தார்.

மைக்கைத் தன் பக்கம் திருப்பினார்.