கூடுதலாக ஒரு முகடு

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல மேடம்!"

ஆய்வகக் கதவைத் திறந்ததும் திறக்காததுமாகக் கையெடுத்துக் கும்பிட்டார் ஃபிட்டர். அவளுக்கு முகம் வெளிறிப்போனது.

ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்து வைக்கும் திரவத்தைச் சோதிப்பது அவள் வேலை. அந்தத் திரவம் சூட்டில் சிதைந்துபோனால் குழாயையே அரித்துவிடும். நேற்றுக் காலை, திரவத்தில் கலந்திருக்கும் ஒவ்வொரு பொருளையும் ஒரு முகடாக வரைந்து காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியில் மாதிரியை ஏற்றியபோது, வழக்கமான முகடுகளுக்கு நடுவே திரையில் புதிதாக ஒன்று எழும்பி நின்றது. திரவம் சிதைந்துவிட்டது என்று பதறிப்போய், மேனேஜரோடு மல்லுக்கட்டி ஆலையை நிறுத்த வைத்தாள். குழாய்க்கு அடியில் வேலையாக இருந்த ஃபிட்டர்களை மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"உட்காருங்கண்ணா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நான்தான் மேடம் சொல்லணும். நேத்து நீங்க மட்டும் பிடிவாதமா நிக்கலேன்னா இன்னிக்கு என் குடும்பமே..."

வாயைத் திறக்காமல் நன்றியை வாங்கிக்கொள்ளலாம். "சந்தேகம் வந்துச்சு, நிறுத்தினோம். அதோட விடும்மா" என்று மேனேஜரே சொல்லிவிட்டார். ஆனாலும் ஃபிட்டர் கும்பிட்ட கை அவளை உறுத்தியது.

"அண்ணா, திரவத்துக்கு ஒண்ணும் ஆகல. கருவியில ஊசி ஏத்தற இடத்துல ஒரு ரப்பர் இருக்கும். அது பழசாகி, சூட்டுல அதுலேர்ந்து கசிஞ்சதுதான் அப்படிக் காட்டியிருக்கு. ரப்பரை மாத்தினதும் அந்த முகட்டையே காணோம். முதல்லயே நான் பார்த்திருக்கணும். குழாய் கல்லு மாதிரி இருக்கு, உங்க யாருக்கும் எந்த ஆபத்தும் இல்ல. வீணா உங்களையெல்லாம் அலைக்கழிச்சிட்டேன். மன்னிச்சிடுங்க."

மளமளவென்று கொட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டு விழும் என்று காத்திருந்தவளுக்குச் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது.

"தெரியும் மேடம். காலையில கேட்டுக்குள்ள நுழையறப்பவே பசங்க சொல்லிட்டாங்க."

"அப்புறம் எதுக்குண்ணா நன்றி?"

ஃபிட்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நிறைமாசமா இருந்த என் பொண்டாட்டி குளியலறையில வழுக்கி விழுந்து, போனை எடுக்கக்கூட முடியாம கிடந்தா மேடம். இருட்டினப்புறம் போக வேண்டியவன், உங்க தப்பால மத்தியானமே போய்க் கதவைத் திறந்தேன். தாயும் பிள்ளையும் சுகம்!"