ஐந்தாவது புகார்

"அக்கா, இன்னைக்கும் ஒரு புகார் போயிருக்காம். இதோட அஞ்சு. இந்த இடமும் போச்சுன்னு வச்சுக்கங்க" என்றான் ஆர்மோனியக்காரன் அருள்பாண்டி.

துர்காதேவிக்குக் கோபம் தலைக்கேறியது.

நாடகத்தில் வள்ளி வேஷம் கட்டும் நடிகை அவள். மாநகராட்சி தன் பழைய நூலகக் கட்டடத்தை நாடகக் கலைஞர்கள் ஒத்திகை பார்க்க இலவசமாகக் கொடுத்து ஏழு மாதம் ஆகிறது. அதற்கு முன்னால் கல்யாண மண்டபத்தின் பின்பக்கம், யாரோ ஒருவர் வீட்டு மொட்டை மாடி என்று அலைந்தவர்கள். பங்குனி பிறந்தால் சிங்கம்புணரி, கீழச்சிவல்பட்டி என்று வரிசையாக நாடகம். இந்த நேரத்தில் இடம் போனால் எங்கே போவது?

எல்லாம் ஒத்திகைக் கட்டடத்துக்குப் பக்கத்து வீட்டு உபகாரசாமியால் வந்தது. தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. உட்கார்ந்தால் புகார், எழுந்தால் புகார்.

நேராக அவர் வீட்டு வாசலுக்குப் போனாள்.

"ஏன் சார், நாங்க ஒங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சோம்? மாசம் தவறாம எழுதிப் போட்டுக்கிட்டே இருக்கீக?"

"குறை இருந்தா எழுதத்தானம்மா செய்யணும்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

"நல்லா இருப்பீக!" என்று சாத்திய கதவைப் பார்த்துக் கத்திவிட்டு, மாநகராட்சி அலுவலகத்துக்கு ஆட்டோ பிடித்தாள்.

ஆணையர் சின்ன வயதுப் பெண். துர்காதேவி உட்காரவே இல்லை.

"மேடம், அந்த ஆளு பேச்சைக் கேட்டு எங்களை வெளிய அனுப்பிறாதீக. சத்தத்தை வேணும்னா குறைச்சுக்கிறோம்."

"சத்தத்தைப் பத்தி அவர் ஒரு வரிகூட எழுதலையே!" என்ற ஆணையர், புகார்க் கோப்பை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். "நீங்களே படிச்சுப் பாருங்க."

ஒத்திகைக் கூடத்தின் கூரை ஒழுகுகிறது என்றது முதல் புகார். மின்விசிறி ஓடவில்லை. பெண்கள் உடை மாற்றத் தனி அறை இல்லை. கடைசியாக, கலைஞர்கள் குடிக்கத் தண்ணீர் இல்லை.

துர்காதேவி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கூரை மாற்றியது, அறை கட்டியது, குழாய் போட்டது எல்லாம் வழக்கமான வேலை என்றல்லவா நினைத்திருந்தார்கள்!

"முதல்ல உங்களுக்காக ஒரு மனு எழுதிக்கிட்டுத்தான் வந்தார். மனுன்னா மன்றக் கூட்டம் வரைக்கும் காத்திருக்கணும். பழுதுன்னு புகாரா எழுதுங்க சார், ஒரே வாரத்துல செய்ய எனக்கு அதிகாரம் இருக்குன்னு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்" என்று சிரித்தார் ஆணையர்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே மேடம்... நான் வேற இப்ப வாசல்ல நின்னு கத்திட்டு வாரேன்."

"சொல்லக் கூடாதுன்னுட்டார். ஆனா, இன்னைக்கு வந்த புகாருக்கு என்னால ஒண்ணும் செய்ய முடியாது. நீங்கதான் மனசு வைக்கணும்."

அந்தத் தாளை வாங்கிப் படித்தாள் துர்காதேவி.

'ஞாயிற்றுக்கிழமைகளில் ஒத்திகை நடப்பதில்லை. மூன்று வருடமாகப் படுக்கையில் இருக்கும் என் மனைவி, வள்ளி ஏன் இன்னும் பாட வரவில்லை என்று அன்று முழுவதும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். தக்க நடவடிக்கை எடுக்கவும்.'